பத்துக்கு எத்தனை

சித்த நகந்துக்கறீங்களா சார். இந்தப் பையை மேல போட முடியாதுங்க, உள்ள கண்ணாடிப் பாத்திரம். மடியிலயே வெச்சுக்கறேன். இல்லீங்க, சீட்டுக்கு அடியிலயும் ஆகாது. கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் எறங்கறதுக்குள்ள இந்த டிரைவர் எப்படித் திருப்புவாருன்னு எனக்குத் தெரியும். போன தடவ ஒருத்தர் தேன் பாட்டிலை அடியில வெச்சு, அது உருண்டு உடைஞ்சு, பஸ்ஸே பிசுபிசுன்னு ஆயிப்போச்சு. கண்டக்டர் அவரை மேட்டுப்பாளையம் வரைக்கும் திட்டிட்டே வந்தாரு.

நீங்க எதுவரைக்கும்? கோயமுத்தூருங்களா. நானும் அந்தப் பக்கந்தான், கவுண்டம்பாளையத்துல எறங்கணும். மருந்துக் கம்பெனிங்களா? பையைப் பாத்தாலே தெரியுதுங்க. சுகருக்கும் மருந்து விக்கறீங்களா? அது சரி. சுகர் மருந்து விக்கறவரு பக்கத்துல நான் இனிப்பை மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கேன். ஆனா இது சக்கரை போடாத இனிப்பு. வெல்லம் கெடையாது, தேன் கெடையாது. வெறும் பேரிக்காய்ங்க. நம்ம வீட்டு மரத்துக் காய். ஓவன்ல வெச்சு எடுத்தது. இன்னும் சூடு இருக்குது, பைக்கு அடியில தொட்டுப் பாருங்க.

நான் டீ மேக்கருங்க. பேரு பொன்னுரங்கம். டீ மேக்கருன்னா டீக்கடை மாஸ்டர்னு நெனச்சுக்காதீங்க, மலைக்குக் கீழ இருக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. ஃபேக்டரிலங்க. பச்சை இலை வந்து எறங்குனதுல இருந்து தூளா மூட்டை கட்டற வரைக்கும் டீ மேக்கர் பொறுப்பு. முப்பத்தோரு வருசம். இலையைக் கையில அமுக்கிப் பாத்தே ஈரம் எத்தனைன்னு சொல்லிருவேன். இப்ப ரிட்டயர்டு. சும்மா இருக்க முடியாம இந்த வேலை.

நான் எதுக்குப் போறேன்னு கேக்கலியே நீங்க. பரவால்ல, சொல்றேன். ஒரு நியாயம் கேக்கப் போறேனுங்க. என் கையில ஒருத்தங்க வெறும் பாத்திரத்தைக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. வெறும் பாத்திரம். கழுவித் தொடைச்சு, உள்ள ஒரு மொளகாகூட இல்லாம. நீங்களே சொல்லுங்க, ஒரு வீட்டுல இருந்து பண்டம் போட்டு வந்த பாத்திரத்தை வெறுமையாத் திருப்புவாங்களா? உங்க வீட்டுல செய்வாங்களா? ஒரு கரண்டி சக்கரையாவது போட்டுத்தானே குடுப்பாங்க. சக்கரை வேண்டாம், சரி, நாலு பூண்டாவது போடலாமில்ல?

அந்தம்மா பேரு லிதுவினா. யாரும் அந்தப் பேரைச் சொல்றதில்ல, மேட்ரன்னுதான் கூப்பிடுவாங்க. கான்வென்ட் ஹாஸ்டல் ஒண்ணுல இருவத்தெட்டு வருசம் மேட்ரனா இருந்தவங்க. கல்யாணம் பண்ணிக்கல. எங்க வீட்டுக்கு அடுத்த வீடு, சரிவுல கொஞ்சம் கீழ. அவங்க வீட்டுத் தகரத்துக்கு மேலதான் நம்ம பேரி மரத்தோட கெளை நீட்டிக்கிட்டு இருக்கும். எட்டு வருசமா அடுத்தடுத்த வீடு. குட்மார்னிங் மேட்ரன், குட்மார்னிங் டீ மேக்கர். அவ்வளவுதான் பேச்சு. எங்க வீட்டம்மா தவறிப் போனப்ப வந்து ஒரு மணி நேரம் உக்காந்திருந்துட்டுப் போனாங்க. அது ஆச்சு ஆறு வருசம். எனக்கு ஒரே பொண்ணுங்க, திருப்பூர்ல. ஞாயித்துக்கிழமை போன் பண்ணிரும். நல்ல பொண்ணு. மாத்திரை சாப்ட்டீங்களா, சாப்ட்டேன், சரிப்பா. அப்புறம் அடுத்த ஞாயிறு.

புடிங்க புடிங்க, வளைவு. பாத்தீங்களா நான் சொன்னேன்ல.

இந்த வருசம் செகண்ட் சீசன் ஆரம்பிச்சப்ப, செப்டம்பர்ல, காயாக் காய்ச்சுக் கொட்டுதுங்க மரம். தகரத்து மேல டமார் டமார்னு விழுந்திருக்குது. ஒரு நா காலைல அந்தம்மா ஒரு பக்கெட்டு நெறையக் காயோட வந்து வாசல்ல நிக்கறாங்க. "டீ மேக்கர், உங்க மரம் என் தலையில விழறதுக்கு முன்னாடி ஒரு முடிவு பண்ணுங்க"ன்னாங்க. நான் கெளையை வெட்டிர்றேன்னு சொன்னேன். வெட்ட வேண்டாம், காயைப் பறிச்சுக்குங்கன்னாங்க. பறிச்சு என்ன பண்றது, யாரு திங்கறா, நீங்களே வெச்சுக்குங்கன்னு பக்கெட்டோட திருப்பி அனுப்பிச்சுட்டேன். ரெண்டு நா கழிச்சு பக்கெட்டு வருது, பக்கெட்டுக்குள்ள இந்தப் பாத்திரம். இதே பாத்திரந்தானுங்க. மூடியோட. உள்ள பேரிக்காயை வெட்டிப் போட்டு, மேல மைதாவும் வெண்ணெயும் சக்கரையும் உதிரியாத் தூவி, ஓவன்ல வெச்சு, மேலெல்லாம் மொறுமொறுன்னு. கிரம்பிள்னு பேராம். ஹாஸ்டல்ல அயர்லாந்து சிஸ்டர் ஒருத்தர் சொல்லிக் குடுத்ததாம்.

அதுல இருக்கற சக்கரையைப் பாத்து எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. ஏன்னா அந்தம்மாவுக்கே சுகருங்க. கால் பெருவெரல்ல ஒரு புண்ணு ஆறு மாசமா ஆறாம, கட்டுப் போட்டுட்டு நொண்டி நொண்டி நடக்கறாங்க, வீட்டுல சக்கரையைக் கிலோக் கணக்குல கொட்டி கிரம்பிள் பண்றாங்க. போயிக் கேட்டேன். "மலைப் பேரிக்காய் தொவர்ப்பு, சக்கரை இல்லாம இது ஆகாது டீ மேக்கர்"னாங்க. ஆகும்னு நான் சொன்னேன். ஆகாதுன்னாங்க. நான் ஆக்கிக் காட்டறேன், நீங்க மார்க்குப் போடுங்க, பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஓவன் நம்மகிட்ட இருக்குது. பொண்ணு வாங்கி அனுப்பிச்சது, ரெண்டு வருசமா அட்டைப் பொட்டிக்குள்ளயே கெடந்துச்சு.

மொத வாரம் ரெண்டு. பத்துக்கு ரெண்டு. "மரத்தூளை நனைச்சு வெச்ச மாதிரி இருக்குது"ன்னாங்க. ராகி மாவு போட்டிருந்தேன். ரெண்டாவது வாரம் ஓட்ஸ் போட்டு, வேர்க்கடலையை ஒண்ணுரெண்டாப் பொடிச்சுச் சேத்தேன். மூணரை. அடியில தண்ணி தண்ணியா நிக்குதுன்னாங்க.

அங்கதானுங்க எனக்குப் பொறி தட்டுச்சு. தண்ணி. பச்சைக் கொழுந்தை அப்படியே மெஷின்ல போட்டா என்ன ஆகும்? கொழகொழன்னு ஆயிரும். அதுக்குத்தான் மொதல்ல வாடப் போடறது. வலை மேல பரப்பி, அடியில இருந்து காத்து. பன்னெண்டு மணி நேரம், பதினாலு மணி நேரம். நூறு கிலோ போட்டா எழுவது கிலோதான் மிஞ்சும். தண்ணி போயிரும், சத்து நிக்கும். இலைக்கு அதுன்னா காய்க்கும் அதுதானே? ஒரு கட்டில் சட்டத்துல பச்சை நைலான் வலையைக் கட்டுனேன். அடியில டேபிள் ஃபேன். பேரிக்காயைச் சீவல் சீவலா நறுக்கி மேல பரப்புனேன். மறுநா காலைல ஒரு சீவலை எடுத்து வெரல்ல மடிச்சேன், ஒடியாம மடங்குச்சு. இலைக்கும் அதே கணக்குத்தான். காய்க்குள்ள இருக்கற இனிப்பெல்லாம் ஒண்ணா எறங்கி நிக்கும். அதுக்கு மேல எதுக்குங்க சக்கரை? கொஞ்சம் பட்டை, கொஞ்சம் சுக்கு. முடிஞ்சுது.

எத்தனைன்னு கேக்கறீங்களா? அஞ்சு. இத்தனை பண்ணியும் அஞ்சு.

இந்த மார்க்கு வெவகாரத்துல அந்தம்மா ரொம்பக் கறாருங்க. பாத்திரத்தை என்னைக்கும் வழிச்சு, பளபளன்னு கழுவி, உள்ள ஏதாவது போட்டுத்தான் கொண்டாருவாங்க. ஒரு வாரம் எலுமிச்சம்பழம் ஆறு. ஒரு வாரம் அச்சு முறுக்கு. ஒரு வாரம் வீட்டுல ஒண்ணுமே இல்லபோல, தோட்டத்து ஜெரேனியம் பூ ரெண்டைக் கிள்ளிப் போட்டுட்டு வந்தாங்க. அதைத் திங்க முடியுமா? ஆனா வெறுமையா இல்ல பாருங்க. வாசல்ல நின்னு பாத்திரத்தைக் குடுத்துட்டு, மார்க்கைச் சொல்லிட்டு, ஏன்னும் சொல்லுவாங்க. பட்டை தூக்கலு, சுக்கு பத்தல, மேல கருகல் வாசம் வருது. நான் உள்ள கூப்பிட மாட்டேன். பொம்பள ஒத்தையா இருக்கறவங்க, நான் ஒத்தையா இருக்கறவன், பாக்கறவங்க என்ன பேசுவாங்க? ஆனா நான் குடுக்கப் போறப்ப அவங்க கூப்பிடுவாங்க. நானும் போயி சமையக்கட்டு ஸ்டூல்ல உக்காருவேன். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் ஆகும். வாடப் போடறது எப்படி, ஃபேன் எத்தனைல வெக்கணும், இதெல்லாம் வெளக்கணுமில்ல.

அப்படித்தான் ஒரு நா நான் பேசிட்டிருக்கறேன், அந்தம்மா போஸ்ட்மேன் வந்தாருன்னு வாசல் கேட்டுக்குப் போயிட்டாங்க. அடுப்புல பால். எனக்கு முதுகுப் பக்கம். பொங்கி, வடிஞ்சு, அடி புடிச்சு, கருகியே போச்சு. திரும்பி வந்தவங்க அடுப்பைப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. அடுப்பை அணைச்சாங்க. அவங்க பால் கருகுனதுக்கு என்னையப் பாத்தா நான் என்ன பண்றது?

நாலாவது வாரமும் அஞ்சு. அஞ்சாவது வாரம் ஆறு. சரி, ஏறுதுன்னு நெனச்சேன். ஆறாவது வாரம் பாருங்க, நல்லா வாடுன காயி, பதமா வெந்திருக்குது, அஞ்சரைங்கறாங்க. கீழ எறக்கிட்டாங்க. எனக்கு வந்த கோவம். ஏன்னு கேட்டா காரணம் சொல்லத் தெரியல. "என்னவோ கொறையுது, அடுத்த வாரம் பாக்கலாம்"கறாங்க. அடுத்த வாரம், அடுத்த வாரம். அன்னைக்கு என்னவோ வேற பேச்சும் எடுத்தாங்க. அக்கா மக கோயமுத்தூர்ல இருக்குதாம், மூணாவது மாடியாம், லிஃப்டு இருக்குதாம், காலு இப்படியே போனா வெரலை எடுக்கணும்னு டாக்டர் சொன்னாராம். நான் ஈரம் எத்தனை பர்சன்ட்டு இருக்கணும்னு நடுவுல சொல்லிட்டிருக்கேன், இவங்க குறுக்க லிஃப்டு லிஃப்டுங்கறாங்க. ஒருத்தர் பேசறப்ப முழுசாக் கேக்கணுமில்லீங்களா? அந்தப் பழக்கமே இப்ப யாருகிட்டயும் இல்ல.

இது குஞ்சப்பனை செக்போஸ்ட்டு. வண்டி நிக்கும். காத்து கொஞ்சம் சூடாயிருச்சு பாத்தீங்களா. இதுக்குக் கீழ ஸ்வெட்டர் தேவையில்ல.

ஏழாவது வாரம். நவம்பர் மொத வாரம். மரத்துல காய் முடியற நேரம், உச்சாணில இருந்ததைத் தொரட்டி போட்டுப் பறிச்சேன். பாத்துப் பாத்துப் பண்ணுனேன். வெள்ளிக்கிழமை கொண்டு போயிக் குடுத்தேன். வீட்டுக்குள்ள ஒரே அட்டைப் பொட்டியா இருந்துச்சு. ஸ்டூலு மேலயும் பொட்டி. பெருக்கித் தொடைக்கறாங்கபோலன்னு வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல, சர்ச்சுல பூசை முடிஞ்சு வர்ற நேரம், கதவைத் தட்டறாங்க. தொறந்தா மேட்ரன். வெளிய போற சேலை, கையில இந்தப் பாத்திரம். நீட்டுனாங்க. வாங்குனேன். கனமே இல்ல. தொறந்து பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல.

"டீ மேக்கர், பத்து"ன்னாங்க.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. போன வாரம் அஞ்சரை, இந்த வாரம் பத்து. நடுவுல ஆறு இல்ல, ஏழு இல்ல. பத்து மார்க்கையும் போட்டு, வெறும் பாத்திரத்தையும் குடுத்தா அதுக்கு என்ன அர்த்தம்? போதும்னு அர்த்தம். இனிமே பண்ணிக் கொண்டாராதேன்னு அர்த்தம். அலுத்துப் போச்சுன்னு நேராச் சொல்லாம, பத்துன்னு சொல்லிக் கணக்கை முடிச்சுக்கறாங்க. எனக்கு அப்படித்தான் பட்டுச்சு. நான் ஒரே வார்த்தை சொன்னேன். "சந்தோஷம்"னேன். கதவைச் சாத்திட்டேன்.

எங்க வீட்டுக் கதவுல மேல கண்ணாடிங்க, பூப்போட்ட கண்ணாடி. நெழலு தெரியும். அந்த நெழலு அங்கயே நின்னுச்சு. ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம் இருக்கும். தட்டுவாங்கன்னு நெனச்சேன். தட்டுனா தொறந்திருப்பேன், சத்தியமாத் தொறந்திருப்பேனுங்க. தட்டல. அப்புறம் ரோட்டுல காரு ஹாரன் அடிச்சுது. மூணு தடவ. எவன்டா இது ஞாயித்துக்கிழமையும் அதுவுமான்னு நான் டிவி சத்தத்தை ஏத்தி வெச்சுட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் பொண்ணு போன் பண்ணுச்சு. மாத்திரை சாப்ட்டீங்களா, சாப்ட்டேன்.

பதினோரு நாளு நான் அந்தப் பக்கம் திரும்பலீங்க. ரோஷம். அவங்களா வரட்டும். பாத்திரம் அலமாரி மேல இருந்துச்சு, பாக்கறப்பெல்லாம் பத்திக்கிட்டு வரும். பன்னெண்டாவது நா கேஸ்காரரு சிலிண்டர் போட வந்தாரு. கீழ வீட்டுக்கும் ஒண்ணு போட்டுட்டுப் போங்க, அந்தம்மாவுக்குக் காலு முடியாதுன்னு சொன்னேன். அவரு என்னைய ஒரு மாதிரிப் பாத்தாரு. "மேட்ரன் அம்மா காலி பண்ணிட்டுப் போயாச்சே சார், அன்னைக்குச் சனிக்கிழமையே அடுப்பு சிலிண்டர் எல்லாம் திருப்பிக் குடுத்துட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா"ங்கறாரு.

எனக்குத் தெரியல. அடுத்த வீடு. எனக்குத் தெரியல சார்.

கீழ எறங்கிப் போயிப் பாத்தேன். பூட்டு. ஜன்னல் வழியாப் பாத்தா சமையக்கட்டுல நான் உக்கார்ற ஸ்டூலு மட்டும் நிக்குது. அடுப்பு இல்ல, ஒரு டப்பா இல்ல. சனிக்கிழமையே அடுப்பைக் குடுத்தவங்க ஞாயித்துக்கிழமை எதைச் செஞ்சு பாத்திரத்துல போடுவாங்க? அது எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது. சரி, ரெண்டு பூவாவது கிள்ளிப் போட்டிருக்கலாமேன்னு மனசு அப்பவும் கேக்குதுங்க. விடல. மேல வந்து பாத்திரத்தை எடுத்துத் திருப்பிப் பாத்தேன். அடியில சின்னதா நெயில் பாலிஷ்ல "லி"ன்னு எழுதியிருக்குது. லிதுவினா. ஹாஸ்டல்ல பாத்திரம் மாறக்கூடாதுன்னு எல்லாத்துலயும் எழுதற பழக்கம்.

அவங்க பாத்திரம் சார் அது. மொத நாளே பக்கெட்டுக்குள்ள வந்தது அவங்களோடது. ஏழு வாரம் அங்கயும் இங்கயும் போயிட்டு வந்துட்டு இருந்ததுல எனக்கு நம்ம வீட்டுப் பாத்திரம் மாதிரியே ஆயிருச்சு. தன் பாத்திரத்தை, ஊரை விட்டுப் போறப்ப, பொட்டியில வெக்காம, எடுத்துட்டு வந்து அடுத்தவன் கையில குடுத்தா அது வெறும் பாத்திரமா? குடுத்ததே பாத்திரத்தைத்தானே. அதுக்குள்ள வேற என்னத்தைப் போடுவாங்க? இதைக் கண்டுபுடிக்க எனக்குப் பன்னெண்டு நாளு ஆச்சு. முப்பத்தோரு வருசம் இலையைத் தொட்டே ஈரத்தைச் சொன்னவன் நானு.

அன்னைக்கு வாய் விட்டுச் சொல்லியிருக்கலாம்தான். நான் போறேன் டீ மேக்கர்னு ஒரு வார்த்தை. நீங்களும் அதைத்தான் நெனைக்கறீங்க. சொல்லத்தான் நின்னிருப்பாங்க. நான் சந்தோஷம்னு சொல்லிட்டேனே.

மேட்டுப்பாளையம் வந்துருச்சு. பத்து நிமிசம் நிக்கும். நீங்க டீ குடிக்கப் போறீங்களா? வேண்டாம்னா சித்த உக்காருங்க, ஒரு ஒதவி.

கேஸ்காரருதான் விலாசம் வாங்கிக் குடுத்தாரு. இந்தச் சீட்டுல இருக்குது. கவுண்டம்பாளையத்துல எறங்கி உள்ள போகணுமாம். மூணாவது மாடி. கடைசிக் காய் ஒரு பதினஞ்சு, பேப்பர்ல சுத்தி வெச்சிருந்தேன். நேத்து வாடப் போட்டு, இன்னைக்குக் காலைல ஓவன்ல வெச்சேன். அந்தப் பத்து மார்க்கு வாங்குனதுக்கு என்ன அளவோ அச்சு அசல் அதே அளவு. ஒரு சிட்டிகை மாத்தல. மாத்தக்கூடாதில்ல, பத்து வாங்குனது.

ஆனா மாடி ஏறறதா இல்லீங்க. கீழ வாட்ச்மேன் இருப்பாரில்ல, அவருகிட்டக் குடுத்துட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்துர்றதா இருக்கேன். ஏன்னா, கதவைத் தொறந்து, பாத்திரத்தை வாங்கிட்டு, "சந்தோஷம் டீ மேக்கர்"னு சொல்லி அவங்க கதவைச் சாத்திட்டா? நான் பண்ணுனதுதானே அது. பண்ணுனா தப்புச் சொல்ல முடியாது. ஆனா எனக்குத் தாங்காதுங்க. இந்த வயசுல மூணாவது மாடில ஒரு கதவுக்கு முன்னாடி நிக்கத் தெம்பில்ல. வாட்ச்மேன்னா பிரச்சினை இல்ல.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்க நாக்கு வேணும் எனக்கு.

சிரிக்காதீங்க. ஸ்பூன் கொண்டாந்திருக்கேன், கைக்குட்டையில முடிஞ்சு வெச்சிருக்கேன், சுத்தமானது. இந்த ஓரத்துல எடுங்க. நடுவுல எடுத்தா பள்ளம் தெரியும். மேல இருக்கற உதிரியும் அடியில இருக்கற காயும் சேந்து வர்ற மாதிரி.

நான் ஏன் சாப்பிட்டுப் பாக்கலன்னு கேக்கறீங்க. டீ மேக்கர் அவன் சரக்கை அவனே மெச்சக்கூடாதுன்னுதான் ஊருல எல்லாத்துக்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். உங்களை இனிமே பாக்கப் போறதில்ல, சொல்றேன். எனக்கு மூக்கு போயி மூணு வருசமாச்சுங்க. அந்தக் காய்ச்சல் வந்துச்சே எல்லாத்துக்கும், அதுல போச்சு. எல்லாத்துக்கும் திரும்ப வந்துச்சு, எனக்கு வரல. வாசம் போனா ருசியும் போயிருதுங்க. சூடு தெரியும், உப்பு கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். டீயை வாயில ஊத்துனா வெந்நி. ஒரு டீ மேக்கருக்கு. ஃபேக்டரில ஆறு மாசம் ஒப்பேத்துனேன், கண்ணை வெச்சும் கையை வெச்சும். அப்புறம் முட்டி வலின்னு எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்துட்டேன். பொண்ணுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அந்தம்மாவுக்குத் தெரியுங்க. பால் கருகுனப்ப கண்டுபுடிச்சுட்டாங்க. ரெண்டடி தள்ளி உக்காந்திருக்கேன், வீடே பொகைஞ்சிருக்கும், நான் ஃபேன் எத்தனைல வெக்கணும்னு பேசிட்டிருக்கேன். அதுக்கு முன்னாடி வெறும் மார்க்கு மட்டுந்தான் சொல்லுவாங்க, ஏதோ நக்கலா ஒரு வார்த்தை. அதுக்கப்புறந்தான் பட்டை எத்தனை தூக்கலு, சுக்கு எங்க காரம், கருகல் வாசம் எந்த மூலைலன்னு ஒண்ணு விடாமச் சொல்ல ஆரம்பிச்சாங்க. எனக்கு வாசம் தெரியாதுன்னு காட்டிக்கற மாதிரி சொல்லல. சும்மா மார்க்குக்குக் காரணம் சொல்ற மாதிரி சொன்னாங்க. இத்தனை நாளு அதைப் பத்தி ரெண்டு பேரும் ஒரு பேச்சுப் பேசிக்கல.

சாப்பிடுங்க. மெதுவா. சொல்லுங்க, பத்துக்கு எத்தனை?

மொகத்தைப் பாத்தா நல்லா இல்லபோல. இல்ல இல்ல, மரியாதைக்குச் சொல்லாதீங்க. மரியாதைக்குச் சொல்ற மார்க்கு எனக்கு வேண்டாம், அது ஏற்கனவே ஒண்ணு கையில இருக்குது. மருந்து விக்கறப்ப டாக்டருகிட்டப் பேசற மாதிரி பேசாதீங்க. உங்க வீட்டுல பண்ணியிருந்தா என்ன சொல்லுவீங்களோ அதைச் சொல்லுங்க.

நாலா?

நாலு. சரி. என்ன கொறை? சப்புன்னு இருக்குதா. தொவர்ப்பு நாக்குல ஒட்டுதா. பட்டை கசக்குதா? ஓஹோ. காய் மட்டும் பரவால்லயா, வாடப் போட்டது நல்லா இருக்குதா? அது போதும். அது போதுங்க.

இதே சாமான் சார். இதே அளவு. இதுக்குத்தான் பத்துன்னு சொன்னாங்க. அப்ப நாலு மார்க்குச் சரக்கைத்தான் வாராவாரம் பாத்திரத்தை வழிச்சுத் தின்னிருக்காங்க. வழிச்சதை நான் என் கண்ணால பாத்தேன், ஒரு துணுக்கு ஒட்டியிருக்காது. ஆறுன்னாங்க, அஞ்சரைன்னாங்க. எறக்கிட்டாங்கன்னு நான் சண்டைக்குப் போனேனே, அந்த அஞ்சரை. அப்பவே போறது முடிவாயிருச்சு அவங்களுக்கு. இன்னும் ஒரு வாரம் வரட்டும்னு எறக்கியிருக்காங்க. வேற எதுக்கு எறக்குவாங்க?

டிரைவர் ஏறிட்டாரு. ஸ்பூனைக் குடுங்க. மூடியை இப்படி அமுக்கிப் புடிங்க, கட்டிக்கறேன். அந்தப் பள்ளம் இருக்கட்டும், கேட்டா சொல்லிக்கலாம்.

வாட்ச்மேன்கிட்டக் குடுக்க முடியாதுங்க இதை. அவரு எப்படிச் சொல்லுவாரு? மார்க்கு தப்பு மேட்ரன்னு சொல்லணும். பஸ்ஸுல ஒரு மருந்துக் கம்பெனிக்காரரு சாப்ட்டுப் பாத்தாரு, நாலுன்னு சொல்லிட்டாரு, நீங்க போட்ட பத்து செல்லாதுன்னு சொல்லணும். நேருலதான் சொல்லணும். காலு எப்படி இருக்குதுன்னும் கேக்கணும், அதை நான் ஒரு தடவகூடக் கேக்கல. கோயமுத்தூருல பேரிக்காய் கெடைக்காட்டி கொய்யா இருக்குது. கொய்யாவை வாடப் போட்டா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?

மூணாவது மாடிக்கு லிஃப்டு இருக்குதுன்னுதானே சொன்னாங்க? ஆமா, சொன்னாங்க. எனக்கு ஞாபகம் இருக்குது.

பத்துல நாலு போக இன்னும் ஆறு மார்க்கு இருக்குதுங்க. வாரத்துக்கு ஒண்ணுன்னு வெச்சாலும் பொங்கல் வந்துரும்.